நாரை திரும்பிய வருஷம்

7 அக்டோபர் 2024, திங்கள்

காலையில் ஷ்யாம்சுந்தர் போன் செய்தான். பத்ரி சாரின் பிள்ளை. நாரை ஏவியேஷனுக்கு இப்போது அவன்தான் எம்.டி. ஜனவரியில் கம்பெனிக்கு அறுபது நிறைகிறதாம், மலர் போடுகிறார்களாம். "ஆன்ட்டி, நம்ம லெட்டர்ஹெட் எப்படியெல்லாம் மாறிச்சுன்னு நீங்கதான் எழுதணும். முப்பத்தொரு வருஷம் அதுல டைப் அடிச்சவங்க நீங்கதானே" என்றான். சரி என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

கிட்டுவுக்குச் சிரிப்பு. "தாளோட மேல் பக்கத்துக்கு ஒரு கட்டுரையா? கீழ் பக்கத்துக்கு வேற ஆள் போட்டிருக்காங்களா?" என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதிலிருந்து கிண்டல்தான் உத்தியோகம்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பெட்டியையும் கிட்டு இறக்கிக் கொடுத்தார். நான் சேர்த்து வைத்த தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

1965: கறுப்பு மை, காலைத் தொங்கவிட்டுப் பறக்கும் நாரை, அடியில் தந்தி முகவரி. அச்சின் அழுத்தம் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. 1974இல் நீல மை. எண்பதுகளில் டெலக்ஸ் எண் சேர்ந்துகொண்டது. 1996இல் மெட்ராஸ் போய்ச் சென்னை வந்தது; பழைய கட்டு தீரும்வரை மெட்ராஸைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே ரப்பர் ஸ்டாம்பு குத்தியது நான்தான், கை வீங்கிப்போனது. பிறகு இமெயில், வெப்சைட். 2015இல் நாரையின் கழுத்தும் காலும் போய் மூன்று கோடுதான் மிச்சம். இப்போது தாளே கிடையாது, எல்லாம் பிடிஎஃப்.

1989ஐ விட்டுவிட்டேன். நாளைக்கு எழுதலாம்.

12 அக்டோபர்

எழுதவில்லை.

16 அக்டோபர், புதன்

தள்ளிப்போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1989 வரை எங்கள் நாரை இடப்பக்கம் பார்த்துப் பறக்கும். அந்த வருஷம் ஏப்ரல் 19ஆம் தேதி பயிற்சி விமானம் தரையிறங்கும்போது முன்சக்கரம் மடங்கிக் கவிழ்ந்தது. ஓட்டியவனுக்கு இருபத்திரண்டு வயது. இறந்துபோனான். பத்ரி சாரின் ஜோசியர் வந்து கம்பெனிப் பலகையைப் பார்த்துவிட்டு, பறவை பின்பக்கமாகப் போகிறது, அதுதான் உயிரைக் கேட்டது என்றார். ஜூனில் நாரையை வலப்பக்கம் திருப்பிப் புதுத் தாள் அச்சாகி வந்தது. பழைய தாள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று உத்தரவு. ஷெட்டுக்குப் பின்னால் குவித்து எரித்தார்கள். நல்ல தாளாயிற்றே என்று நான் ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மகள் மாளவிகா பின்பக்கத்தில் வாய்ப்பாடு எழுதிப் பழகினாள்.

மலருக்கு இவ்வளவு போதும். எனக்குப் போதுமா?

19 அக்டோபர், சனி

ஜெரூஷா வந்திருந்தாள். எங்கள் மெக்கானிக் ஞானையா சாரின் மகள். குரோம்பேட்டையில் டீச்சர். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு டின் நிறைய அச்சு முறுக்கு கொண்டுவந்து கொடுக்கிறவள். கட்டுரை விஷயத்தைக் கிட்டு போனில் சொல்லியிருக்கிறார். "அப்பாகிட்ட கம்பெனி லெட்டர் கொஞ்சம் இருக்கு ஆன்ட்டி. உங்களுக்கு உதவுமான்னு பாருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள்.

மூன்றாவது தாள் அது. 'முன்சக்கரத்தைச் சரியாகச் சோதிக்காத உங்கள் கவனக்குறைவுக்காக எச்சரிக்கிறோம்.' தேதி 4 பிப்ரவரி 1989. கீழே இடது மூலையில் பி.என்./ஹெச்.வி. – சொன்னவர் பத்ரி சார், அடித்தவள் நான். மேலே நாரை, வலப்பக்கம் பார்த்துக்கொண்டு.

"விசாரணையில காட்டின இந்த லெட்டரை வச்சுத்தான் அப்பாவ வேலைய விட்டு எடுத்தாங்க" என்றாள் ஜெரூஷா. "அப்போ, எனக்கு இப்படி ஒண்ணு வரவே இல்லன்னு கத்தினாராம். இப்போ எண்பத்து மூணு வயசு ஆகுது. 'முன்னாடியே எச்சரிச்சிருக்காங்க, நான்தான் மறந்துட்டேன் போல'ங்கறார். சர்ச்சுல பைபிள் பாடம் வாசிப்பாரில்ல? அந்த வருஷம் விட்டதுதான். ஒரு பிள்ளை சாவுக்குக் காரணமானவன் அங்க போய் நிக்கக்கூடாதாம்."

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

20 அக்டோபர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

1989 ஜூன் கடைசி வாரம். விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. பத்ரி சார் கூப்பிட்டு, "பிப்ரவரி நாலுன்னு தேதி போட்டு அடிம்மா" என்றார். "சார், இது ஜூன்" என்றேன். "ஃபைலுக்கு ஒரு காப்பி வேணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சக்கரத்தை மாற்றச் சொல்லி மார்ச்சில் ஞானையா சார் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது ஃபைலில் இல்லாமல் போனதையும் பார்த்தேன். அடித்தேன். அடிக்கிறதுதானே என் வேலை – இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

பழைய தாள் எரிந்துபோனதால் புதுத் தாளில் அடித்தேனா? இழுப்பறையில் ஏழெட்டு பழைய தாள் கிடந்தது. கை அதன்மேல் பட்டது. எடுக்கவில்லை. பிப்ரவரிக் கடிதத்தில் ஜூன் மாதத்து நாரை இருந்தால் விசாரணையில் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். என் தைரியம் அந்த அளவுதான். யார் பறவையைப் பார்க்கிறார்கள்? எல்லாரும் கையெழுத்தைப் பார்த்தார்கள்.

3 நவம்பர், ஞாயிறு

கிட்டுவிடம் சொன்னேன். முதல்முறையாகக் கிண்டல் வரவில்லை. "பத்ரி சாரே போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப கிளறினா உன் பேருதான் கெடும், ஹேமா. அந்தப் பொண்ணு நம்ம வாசப்படி ஏறுவாளா?" என்றார்.

ஏற மாட்டாள். தெரியும்.

14 நவம்பர், வியாழன்

நேற்று கட்டுரையை அனுப்பினேன். 1989க்கு மூன்று வரி கூடுதலாக எழுதியிருந்தேன், கடிதத்தையும் சேர்த்து. இன்று ஷ்யாம்சுந்தர் போன்.

"ஆன்ட்டி, மேடையில உங்களுக்கு மரியாதை பண்ணணும்னு இருக்கோம். அந்த மூணு வரி மட்டும் வேணாமே. அப்பா பேர் இருக்கு."

"என் பேரும் இருக்கு ஷ்யாம்."

"அதையும் எடுத்துடறேன் ஆன்ட்டி."

"அப்ப மொத்தத்தையும் எடுத்துடு" என்றேன்.

1 டிசம்பர், ஞாயிறு

புயல் மழை விட்டிருக்கிறது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். வெளியே போக முடியாததால் உட்கார்ந்து எழுதினேன். மாளவிகா எழுதிப் பழகிய தாள்கட்டில் மிச்சமிருந்த இடப்பக்கத்து நாரைத் தாள். பின்பக்கம் பதினேழாம் வாய்ப்பாடு, அதில் இரண்டு தப்பு. முன்பக்கம் நடந்ததை நடந்தபடி பதினோரு வரி. முழுப் பெயர், கையெழுத்து, இன்றைய தேதி. இடது மூலையில் பழக்க தோஷத்தில் ஒரு கோடு போட்டு ஹெச்.வி. என்றும் எழுதினேன். கோட்டுக்கு முன்னால் எழுத யாரும் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

7 டிசம்பர், சனி

சேலையூரில் ஞானையா சார் வீட்டுக்குப் போய்வந்தேன். கிட்டு ஆட்டோவில் கூடவே வந்தார், உள்ளே வரவில்லை.

ஞானையா சார் இளைத்துப்போயிருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறது. அவருடைய கவரிலிருந்தே இரண்டு தாளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஒன்று 1989 மார்ச் மாதம் லீவு கொடுத்த கடிதம், நாரை இடப்பக்கம். இன்னொன்று பிப்ரவரி எச்சரிக்கை, நாரை வலப்பக்கம்.

"நாரையைத் திருப்பினது எப்ப சார்?"

மெக்கானிக் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். இரண்டு பறவை மேலும் மாறி மாறி விரலை வைத்தார். "விபத்துக்கு அப்புறம்ல திருப்பினாங்க." பிறகு மெதுவாக, "அப்ப இது எனக்கு வரலியா?"

"வரல சார். பிப்ரவரில இது எழுதவே இல்ல."

"நான் மறக்கலையே?"

"மறக்கல சார். நீங்க எதையும் மறக்கல."

அழுதுவிட்டார். நானும்தான். "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார். நான் எழுதி எடுத்துப்போன தாளைக் கொடுத்தேன். படித்தார். காபித் தட்டுடன் வந்த ஜெரூஷாவிடம் நீட்டினார். அவள் படித்தாள், தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.

"முப்பத்தஞ்சு வருஷம், ஹேமா" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது.

22 டிசம்பர், ஞாயிறு

வெள்ளிக்கிழமை அவரே போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாம்மா, கடைசி பெஞ்சுல உக்காரு" என்றார். போனேன். கோட்டு போட்டுக்கொண்டு, ஜெரூஷாவின் கையைப் பிடித்துப் படி ஏறி, அங்கே நின்று பாடம் வாசித்தார். முதல் இரண்டு வரி குரல் எழும்பவில்லை. அப்புறம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஜெரூஷா பார்க்கவில்லை.

26 டிசம்பர், வியாழன்

நேற்று மாலை வரை கேட் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டின் வரவில்லை. போன வருஷத்து டின் இங்கேதான் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். காய்ந்ததும் கிட்டுவிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.