புகைக்குச் சாட்சி சொன்னவனுக்கு

இன்று காலை நம் மந்தைவெளி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலக மொட்டைமாடிக்கு ஏறியதுமே எரிந்த பாயின் வாசனை. போகி முடிந்து ஐந்து நாளாகியும் அது போகவில்லை. காற்றை அளக்கும் கருவியிலிருந்து தூசியைப் பிடிக்கும் வடிதாளை உருவினேன். வெள்ளையாக வைத்த தாள் கருத்திருந்தது. உன் நினைவு வந்துவிட்டது.

பத்து வருடம் அந்தத் தாளை மாற்றியவன் நீ. அடையாற்றங்கரை வீட்டிலிருந்து சைக்கிளில் வருவாய். "எழுதிக்கோ மச்சி" என்று நீ அளவுகளைச் சொல்ல, நான் எழுதுவேன்.

ஒரு பங்குனியில் இலங்கையிலிருந்து ஐந்து பேர் பேச வந்தார்கள். குளிர்காலக் காற்று நம் புகையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறதோ என்பது அவர்கள் சந்தேகம். அவர்களில் ஒருவரான யாழ்ப்பாணத்து மருத்துவர் அம்மா கேட்டார்: "தையில எங்கட பிள்ளையளுக்கு இருமல் நிக்குதில்லை. உங்கட போகி வாரத்து அளவுகளைத் தருவியளோ?"

நம் மேலதிகாரி, "அந்த வாரம் மெஷின் ரிப்பேர்" என்றார்.

அந்த வாரத்து அளவுகளை எழுதிய நோட்டு என் மடியில் இருந்தது. நான் தலை குனிந்துகொண்டேன்.

கதவோரம் நின்ற நீதான் பேசினாய். "மெஷின் நல்லாத்தான் சார் இருந்துச்சு. நான்தான் தெனமும் காயிதம் மாத்துனேன். கரியாட்டம் கீது. எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கீறேன்."

அந்த அம்மா நம்மேல் பாயவில்லை. "நாங்களும் குப்பை எரிக்கிறம்தான். ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பம்" என்றார். மாலைக்குள் உன் தாள்களும் அவர்கள் கொண்டுவந்த தாள்களும் ஒரே மேசையில் கிடந்தன.

மறுவாரமே உன்னை ஆதம்பாக்கம் கிடங்குக்கு மாற்றினார்கள். "ஏன்டா வாயைத் திறந்தே?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நம்மளுது இல்லைன்னு சொல்லிட்டா புகை நின்னுடுமா மச்சி? அங்க ஒரு கொயந்த இருமிக்கினு கீதே."

இரண்டு வருடம் கழித்து, அளவுகளைப் பகிர்ந்துகொள்ள இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் வந்தது. உன்னையும் திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது தினமும் காலையில் இரு நாட்டு அளவுகளும் கடலைக் கடந்து போய் வருகின்றன. காற்று தெற்கே திரும்பும் நாட்களில் இங்கே செங்கல் சூளைகளை நிறுத்தி வைக்கிறார்கள். அங்கே பள்ளிகளுக்கு முன்கூட்டியே தகவல் போகிறது.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. அது தெரியாமல் மார்கழியில் அந்த அம்மா எழுதியிருந்தார்: "இந்த முறை இருமலோட வாற பிள்ளையள் குறைவு. அவருக்குச் சொல்லுங்கோ." அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று இரு நாட்டார் கூட்டம் இணையத்தில் நடந்தது. நம் பக்கக் குப்பைமேடு ஒன்று மூன்று நாள் எரிந்திருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கையை உயர்த்தி, அந்த மூன்று நாள் அளவுகளையும் நானே வாசித்தேன். ஒன்றையும் விடாமல் முழுதாக வாசித்து முடித்தேன்.