முந்தி வந்த மேற்பற்கள்

இராயபுரம், சென்னை-13
8-10-1973

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அருள்பிரகாசம் அவர்களுக்கு, தங்கை ஃப்ளோரன்ஸ் பணிவன்புடன் எழுதுவது. குழந்தை பிறந்த செய்தியைத் தந்தியில் அறிவித்ததோடு நின்று, மூன்று மாதங்களாகக் கடிதம் எழுதாத குற்றத்தைப் பொறுத்தருள வேண்டும்.

தங்கள் மருமகன் ஜேக்கப் நலம். ஆயினும் எழுபதாம் நாளிலேயே அவனுக்கு மேல்வாயில் இரண்டு பற்கள் முளைத்துவிட்டன. கீழ்ப்பல் ஒன்றுகூட இல்லை. மேற்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது என்று என் மாமியார் வியாகுலம்மாள் வீட்டையே கலக்குகிறார். தாங்கள் முதன்முதலில் அவன் முகத்தை எண்ணெயில் தெரியும் நிழலாகத்தான் பார்க்க வேண்டுமாம்; அதற்குமுன் வேறு எவ்விதத்திலும் பார்க்கலாகாதாம். "எலிக்குப் பல்லு மொளைக்கிறதப் பாக்கக் கப்பலேறிப் போன மாமன், மருமவனுக்குப் பாக்க மாட்டானா?" என்ற ஏளனம் வேறு.

எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எனினும், தாங்கள் விட்டுச் சென்ற உயிரியல் நூல்களை மும்முறை வாசித்தவள் நான். ஆகவே, அவருக்குத் தெரியாமல் கல்மண்டபத்து ஸ்டூடியோவில் எடுத்த குழந்தையின் புகைப்படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். அறிவியல் விளக்கம் அருளினால் அவர் வாயை அடைத்துவிடுவேன்.

தங்கள் அன்புத் தங்கை,
ஃப்ளோரன்ஸ்

பாஸ்டன்
24-10-1973

அன்புள்ள ஃப்ளோரா,

மருமகன் அழகன். பிறந்த எலிக்குட்டிக்குக் கண் மூடியிருக்கும், பல்லும் இராது. ஆண் எலியின் எச்சில் சுரப்பியில் ஒரு புரதம் உண்டு. அதைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினால், பதினான்காம் நாள் திறக்கும் கண் ஏழாம் நாளே திறக்கிறது, பல்லும் முந்துகிறது. பல் தன் பலத்தால் முட்டி வருவதில்லை என்பது என் ஊகம். 'வழி விடு' என்று ஏதோ ஒரு பொருள் சொல்கிறது. எலும்பு கரைந்து விலகுகிறது. ஜேக்கப்புக்கு அந்தச் சேதி சற்று முன்னதாகப் போயிருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவன் படத்தை எலிக்கூண்டுகளுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். அன்று பிறந்த ஒன்பது குட்டிகளுக்கு வெறும் உப்புநீர்தான் ஏற்றினேன். அவற்றுக்கு எதுவும் முந்தக் கூடாது. ஐந்தாம் நாள் ஒன்பதும் கண் திறந்து, படத்தைப் பார்த்தபடி இருந்தன. மேற்பல் மட்டும் வந்திருந்தது. ஊசி மாறவில்லை, இருமுறை சரிபார்த்தேன்.

உன் மாமியார் சொன்னதைச் செய்துவிடுவோம். நவம்பர் 11, ஞாயிறு, உங்களுக்கு மாலை ஆறு மணி. எனக்குக் காலை ஏழரை. நீ அங்கே எண்ணெயில் அவன் முகத்தைக் காட்டு. நான் இங்கே ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றிப் பார்க்கிறேன். சிரிக்காதே.

பிரகாசம்

இராயபுரம், சென்னை-13
3-12-1973

அன்புமிக்க அண்ணன் அவர்களுக்கு,

இதற்குமுன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததால், நிகழ்ந்ததை மீண்டும் எழுதுகிறேன்.

குறித்த நேரத்தில் தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி, குழந்தையைக் குனியப் பிடித்தேன். அவன் முகம் தெரிந்தது. அருகே இன்னொரு முகமும் தெரிந்தது. நான் வாய் திறக்குமுன் மாமியார் கேட்டார்: "இன்னாடி இது, ஒங்கண்ணன் ஏன் கண்ண மூடிக்கினு கீறான்?"

ஜேக்கப் சிரித்துக்கொண்டே எண்ணெயில் விரலை வைத்தான். அது அசைந்து அடங்கியபின் அவன் முகம் மட்டுமே இருந்தது.

நேற்று அவனுக்குக் கீழ்ப்பற்கள் இரண்டும் வந்துவிட்டன. "இனிமே மாமனுக்கு ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு" என்கிறார் மாமியார். அவர் சொன்ன எதையும் நான் நம்பியதில்லை. இதை மட்டும் நம்ப விரும்புகிறேன்.

விளக்கம் வேண்டாம். தங்கள் கையெழுத்தில் ஒரு வரி போதும். விரைவில் பதில் எழுதவும்.

ஃப்ளோரன்ஸ்