லோரிப் பலகையும் எட்டு ஜிபியும்

மச்சான்,

புதுக் கணினிப் பெட்டி வந்துவிட்டது. விரித்த கை அகலம்தான். சாமந்தித் தழை வாடையும் மருந்து வாடையும் ஏறிப்போன நம் கொட்டகையில், அட்டையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசம் வந்தது பார், உடனே உன்னைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டும் விட்டேன். மழைக்குக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழுந்திருக்காது.

இதற்கு ஆர்டர் போட உட்கார்ந்தபோது மூன்று கேள்வி கேட்டார்கள். எந்தச் சிப், எவ்வளவு மெமரி, எவ்வளவு டிஸ்க். மெமரிக்குக் கீழே, வாங்கிய பிறகு இதைக் கூட்ட முடியாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்பு அதையே நீ எனக்கு வாயால் சொன்னவன்.

அன்று கம்போங் ராஜா டவுனில் கணினிக் கடைக்காரர் முன்னால் நின்றோம். பூவைப் படம் எடுத்து அனுப்பவும் ஆர்டர் பார்க்கவும் நம் இருவருக்கும் பொதுவாக ஒரு சின்னக் கணினி. கையில் இருந்த காசுக்கு மூன்றில் ஒன்றைத்தான் ஏற்ற முடியும்.

"சிப்பு இருக்கறதே போதும் மச்சான். டிஸ்க்கு பத்தலன்னா வெளிய ஒண்ணு மாட்டிக்கலாம். மெமரி போர்டுலயே ஒட்டிக்கிட்டு வருது. இப்ப எட்டு ஜிபி எடுத்தா கடைசி வரைக்கும் எட்டுதான்லா. பதினாறா எடுத்துருவோம்" என்றாய்.

எனக்கு லோரி புத்தி. காய் ஏற்றுகிறவனுக்குச் சாமான் அடுக்கும் பலகைதான் முதலில் பெரிதாக இருக்க வேண்டும். பாரம் தாங்கவில்லை என்றால் அடியில் ஸ்பிரிங் பட்டையைப் பட்டறையில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். "டிஸ்க்குதான் பலகை, அதைப் பெருசா போடு. மெமரி இப்ப எட்டு போதும், அப்புறம் ஈப்போவுல ஆளப் பிடிச்சு ஏத்திக்கலாம்" என்றேன். காசு இருவருடையது, வாய் மட்டும் என்னுடையது. "சரி, நீ சொன்னா சரி" என்றாய். அந்த இடத்தில் நீ சண்டை போட்டிருக்க வேண்டும் மச்சான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக வளர்ந்தோம். என் தங்கையைக் கட்டிய பிறகுதான் உனக்கு இந்த மரியாதை வந்தது. பாழாய்ப்போன மரியாதை.

சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டு பாத்தி நடந்து வந்தால்தான் அந்தப் பெட்டி கண் திறக்கும். நான் அதைத் திட்டுவேன். "விடுலா, இந்த மழைல அதுக்கும் குளிருது" என்பாய். நான் அப்போதே சொன்னேனே என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இப்போது இவ்வளவு கனத்திருக்காது.

உன் மகள் கல்யாணத்துக்கு நீ ஒரு படம் செய்ய ஆசைப்பட்டாய். குழந்தையிலிருந்து அவளைப் போனில் வீடியோ எடுத்து வைத்ததையெல்லாம் கோத்து, மண்டபத்துத் திரையில் ஓட்ட வேண்டும். பாதி கோப்பதற்குள் பெட்டி உறைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். கல்யாணத்தன்று திரையில் நகராத போட்டோக்கள்தான் வந்தன. "இதே போதும் மச்சான், நல்லாத்தானே இருக்கு" என்றாய். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன மழைக்காலத்தில், பூக்கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நீ, எழவில்லை.

புதுப் பெட்டிக்குச் சிப்பும் டிஸ்க்கும் இருப்பதிலேயே சின்னது சொன்னேன். மெமரியை மட்டும் முப்பத்திரண்டுக்கு ஏற்றினேன். நீ சொன்ன கணக்குதான், ஆறு வருஷம் தாமதம். ஞாயிற்றுக்கிழமை உன் மகள் ஈப்போவிலிருந்து வந்து, வெளியே ஒரு டிஸ்க்கையும் மாட்டி, பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றினாள். பாதியில் அவள் கை நின்றுவிட்டது. கல்யாணம் 1, கல்யாணம் 2 என்று வரிசையாகப் பதினொரு கோப்புகள் இருந்தன. பதினொன்றாவதன் தேதியைத் தொட்டுக் காட்டினாள். அவள் கல்யாணம் முடிந்து நான்கு மாதம் கழித்து.

போதும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் காய் ஏற்றப் போன நேரமெல்லாம் நீ இதையா செய்துகொண்டிருந்தாய்?

அதைத் திறந்தாள். திக்காமல் ஓடியது. நீ மாதக்கணக்கில் போராடியதைப் புதுப் பெட்டி ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் முழுப் படமாக்கிக் கொடுத்துவிட்டது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்தான் அன்றைக்கு எட்டு போதும் என்றேன் என்று சொன்னேன்.

"தெரியும் மாமா, அப்பா சொல்லிருக்காரு. பெரிய டிஸ்க்கு இருந்ததாலதான் ஒண்ணயும் அழிக்காம வெச்சேன்னும் சொல்லிருக்காரு" என்றாள்.

நீ நிஜமாகவே சொன்னாயா, இல்லை அவளே எனக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான். அவள் உன் மகள்.

படத்தில் நீ ஓரிடத்திலும் இல்லை மச்சான். அவள் இருக்கிறாள், என் தங்கை இருக்கிறாள், தேயிலைச் சரிவு இருக்கிறது. எடுத்தவன் நீ என்பதால் உன் குரல் மட்டும் பின்னாலிருந்து வருகிறது. கியா பார்ம் சந்தைக் கடையில் அவள் வாயெல்லாம் சிவக்க ஸ்ட்ராபெரி தின்னும்போது, நான் கூடையோடு குறுக்கே வந்து நிற்கிறேன். "மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுலா, புள்ள தெரியல" என்கிறாய். திரையில் நான் சிரித்துக்கொண்டே விலகுகிறேன்.

தினமும் காலையில் ஆர்டர் பார்க்கும் முன் அதை ஒரு தடவை ஓட்டுகிறேன். அந்த இடம் வந்ததும், நாற்காலியை இழுத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.