ஒரு கைப்பிடித் தவிடு

குரோருட், ஒஸ்லோ
14.03.2004

அன்பு மகள் றோசுக்கு,

பரமநாதன் சொல்ல, மருமகள் மங்களேஸ்வரி எழுதுகிறாள். சுகமாயிருக்கிறேன். முழங்காலுக்கும் பனிக்கும்தான் இன்னும் ஒத்துவரவில்லை.

நீ கேட்ட அந்த நாள், நீ எங்கள் கைக்கு வந்த நாள், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழியில் வந்தது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கமும் அதே புயல். நான் அம்புலன்ஸில் உதவியாள். சின்னராசா சாரதி. உன்னை வளர்த்த புளோறன்ஸ், தாதி. பனை விழுந்து மறித்த சந்தியில் நின்றோம். ஒரு பெட்டை வந்து சீலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தாள்.

"அண்ணை, இதைப் பிடியுங்கோ. நான் ஆரெண்டு ஆரிட்டையும் சொல்லாதேங்கோ."

முந்திப் பிறந்தவை தங்காத வீட்டில், பிள்ளையைப் பிறத்தியார் கையில் கொடுத்து, தவிடு கொடுத்துத் திருப்பி வாங்குவார்கள். அந்தச் சடங்கு என்று நினைத்தேன். பேர் மறைப்பதும் அதில் சேர்த்தியாக்கும் என்று, "சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றேன். தவிட்டோடு வருவாள் என்று மத்தியானம் வரை பார்த்து நின்றேன்.

"தவிட்டுக்கு நெல்லு விதைக்கப் போயிட்டாள் போல. ஏறடா வண்டியிலை" என்றான் சின்னராசா. புளோறன்ஸ் சிரிக்கவில்லை. உன்னை வாங்கி மடியில் வைத்தாள்.

அமெரிக்காவில் பச்சைப் பிள்ளையை அம்புலன்ஸ்காரரிடமோ தீயணைப்புக்காரரிடமோ கொடுத்தால் தாயின் பேரைக் கேட்கக் கூடாது என்று சட்டமாம், எழுதியிருந்தாய். எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவளை முன்பே தெரியும். ஆனால் சத்தியம் செய்துவிட்டேன். கோபிக்காதே.

பரமநாதன்

பாட்ஸ்பியோர்ட், வட நோர்வே
02.04.2004

அன்புள்ள ஐயாவுக்கு,

அந்தச் சட்டத்தைப் பற்றி மீன் ஆலைச் சாப்பாட்டறையில் எல்லோரும் கதைத்தார்கள். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், நல்ல சட்டம் என்றார்கள். ஒரு நோர்வேக்காரி மட்டும், "பிள்ளை வளர்ந்து கேட்டால்?" என்றாள். நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன்.

சின்னனில் பள்ளிக்கூடத்தில் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு அந்தத் தவிடுகூட இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

சடங்கென்று பிழையாக நினைத்துச் செய்த சத்தியம் ஐயா அது. எனக்கு நாற்பது வயதாகப்போகிறது. அவ இருக்கிறாவோ இல்லையோ என்றாவது சொல்லுங்கோ.

றோஸ்

குரோருட்
22.08.2004

அன்பு மகள் றோசுக்கு,

பதில் பிந்தியதற்குக் காரணம் உண்டு. சமாதான காலம், பாதையும் திறந்திருக்கிறது என்று ஆனியில் யாழ்ப்பாணம் போனேன். அவளைக் கண்டேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். வாசற்படியில் குந்தினாள். பிறகு கேட்டாள்:

"பால் குடிச்சவளோ அண்டைக்கு?"

"குடிச்சவள். புளோறன்ஸ் பஞ்சாலை நனைச்சுக் குடுத்தவ."

"என்ரை பேரை அவளுக்கு மட்டும் சொல்லுங்கோ அண்ணை. வேறை ஒரு காதுக்கும் போகப்படாது."

எனக்கோ எழுத்துத் தெரியாது. என் கடிதமெல்லாம் இன்னொருவர் காதில் விழுந்துதான் உன்னிடம் வருகிறது. அதனால் திரும்பி வந்த நாள் தொட்டு மங்களேஸ்வரியிடம் எழுத்துப் படிக்கிறேன். நாளுக்கு ஒன்று, முன்பின்னாக. கூட்டி வாசித்துவிடுவாள் என்று வேண்டாத எழுத்தும் இடையில் கேட்டேன். "மாமா, இந்த வயசிலை ஆருக்குக் காதல் கடிதம்?" என்று பகிடி வேறு.

உறைக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கிறது. மா என்று நினைத்து எறிந்துவிடாதே. அவள் உள்ளே போய், ஒரு கைப்பிடி அள்ளிக் கொண்டுவந்து தந்தாள். "நாப்பது வருஷம் பிந்திப்போச்சு. இதுக்குத் தன்னைத் திருப்பித் தருவாளோ எண்டு கேளுங்கோ" என்றாள். தருவதும் விடுவதும் உன் விருப்பம்.

சின்னராசா போய்விட்டான். புளோறன்ஸும் இல்லை. அந்தச் சந்தியில் நின்ற பெரிய ஆட்களில் என்னை விட்டால் இன்னும் ஒருத்திதான் மிச்சம். மங்களேஸ்வரி, போதும் பிள்ளை, எழும்பு. பேனையை இஞ்சை தா. இதையும் எழுதிப்போட்டியோ?

இ ந் தி ரா