வாய்த்தகராறு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. நெற்றியில் தையலோடு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேச வேண்டாம், வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் சலவைக்கூட முகவரிக்குக் கடிதம் போடு என்று நீங்கள் சொன்னது ஏன் என்று புரியவில்லை. இருந்தாலும் போடுகிறேன்.

போன வாரம் எனக்குப் பஸ் கொடுத்துவிட்டார்கள். எங்கள் டிப்போவில் ஸ்டியரிங் பிடிக்கும் முதல் பெண் நான்தான். முதல் நாள் ஒரு பெரியவர் படியில் கால் வைத்தவர், என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் வருகிறேன் என்று இறங்கிக்கொண்டார். அடுத்த வண்டியே அன்றைக்குக் கிடையாது. பாவம், நல்ல வெயில் வேறு.

வியாழக்கிழமை மார்க்கெட் திருப்பத்தில் பைக்கில் வந்த ஒருவனுக்கு வழி விடவில்லை. விட இடமில்லை. அவன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, என் பக்கக் கதவைத் திறந்து, முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டான். ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தான். "அடுப்படியில கிடக்க வேண்டியவளுக்குப் பஸ் எதுக்குடி?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். வண்டி நிறைய ஆட்கள். கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறிக் கூடைக்கார அம்மா ஒருத்தி இறங்கி வந்து அவன் கையைக் கடித்ததால்தான் விட்டான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என் புகாரை 'வாய்த்தகராறு' என்று எழுதிக்கொண்டார். என் வாய் கிழிந்திருந்ததால் அப்படி எழுதினாரோ என்னவோ. டிப்போ மேனேஜர் இனிமேல் டிக்கெட் கவுண்டரில் உட்காரச் சொல்கிறார். மாட்டேன் என்றுவிட்டேன்.

நீங்கள் இருக்கும் நாட்டில் பெண்கள் ரயிலே ஓட்டுகிறார்களாமே. மந்திரிகளில் பாதிப் பேர் பெண்கள் என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான். நீங்கள் கொடுத்து வைத்தவர், அண்ணி.

உங்கள் மகள் குட்டியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 21

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைச் சலவை மெஷின்களுக்கு நடுவே நின்று படித்தேன். தையலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். காயம் ஆறும் முன்னால் வேலைக்கு ஓடாதே என்றால் கேட்கவா போகிறாய்?

உன் அண்ணன் சொன்னதெல்லாம் உண்மைதான். இங்கே ரயில் ஓட்டுபவள் பெண். என் மேலதிகாரி பெண், அவளுக்கு மேலே இருப்பவளும் பெண். போன மாதம் என்னையும் ஒரு ஷிப்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தார். கொடுத்த கையாலேயே என் கையைப் பிடித்து முறுக்கினார். "வெளியில நீ யாருக்கு வேணா மேஸ்திரியா இரு. இங்க நான்தான்" என்றார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களுக்கெல்லாம் சொன்னேனே, அது இதுதான்.

அதுதான் முதல் தடவை என்று எழுத எனக்கும் ஆசைதான். என் போனை அவர் தினமும் பார்ப்பார். அதனால்தான் உன்னைக் கடிதம் எழுதச் சொன்னேன்.

உன்னைப் பற்றி நண்பர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார். "என் தங்கச்சி பஸ் ஓட்டுறா" என்று சொல்லும்போது கண் கலங்கும். அதுவும் நடிப்பில்லை.

அத்தைக்குத் தெரிய வேண்டாம். நீ அடிபட்டதை மறைக்காமல் எழுதினாய். அதைப் பார்த்துத்தான் எனக்கும் எழுத வந்தது.

உன் அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் கோபம் உங்கள் மேல்தான் வந்தது. நான் டிரைவிங் படிக்கக் கூடாது என்று அப்பா நின்றபோது, எனக்காக அவரோடு மல்லுக்கு நின்றவன் அண்ணன். அவனா இப்படி? நீங்கள் ஏதாவது சுருக்கென்று சொல்லியிருப்பீர்கள், அவனும் கோபத்தில் கையைப் பிடித்திருப்பான் என்று பதில் எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதியதும் நின்றுவிட்டேன். இன்ஸ்பெக்டர் எழுதியதைத்தான் நானும் எழுதிக்கொண்டிருந்தேன். அடித்தவன் என் அண்ணன் என்றதும் என் பேனாவுக்கும் வாய்த்தகராறு என்றுதான் வருகிறது.

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

நான் மறுபடி வண்டி ஓட்டுகிறேன். நேற்று யாரோ கல்லெறிந்து முன் கண்ணாடி உடைந்தது. மடியெல்லாம் கண்ணாடித் தூள், முழங்கையில் ரத்தம். ஓரம் கட்டி நிறுத்தும்வரை ஸ்டியரிங்கை விடவில்லை. இங்கே எனக்குச் சட்டம் துணைக்கு வராது, அண்ணி. உங்களுக்கு வரும். குட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மே 15

அன்பு நாத்தனாருக்கு,

தாடையில் கம்பி போட்டிருக்கிறார்கள். பேச முடியாது. எழுத முடிகிறது.

நானும் குட்டியும் தனியாகப் போகிறோம் என்று உன் அண்ணனிடம் நேருக்கு நேர் சொன்னேன். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி முகத்தில் அடித்தான். கீழே விழுந்தவளை அதன் ஒயரால் கழுத்தில் சுற்றி இழுத்தான். குட்டி கதவைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். போலீஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்த இரண்டு பேரும் பெண்கள். ஒருத்தி அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முட்டியை அழுத்தி விலங்கு மாட்டினாள். இது எங்கள் குடும்ப விஷயம் என்று அவன் தரையில் கிடந்தபடி சொன்னான். அவளுக்கு நம் மொழி தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

அடிபட்ட பெண்களுக்கான விடுதியில் இருக்கிறோம். பல நாட்டுக்காரிகள். ஒருத்தியின் நாட்டில் பெண்டாட்டியை அடிப்பது இன்னும் குற்றமே இல்லையாம். இன்னொருத்தியின் நாட்டில் போன வருஷம்தான் சட்டம் வந்ததாம்; அவள் புருஷன் அதைப் பேப்பரில் படித்துக் காட்டிவிட்டு அடித்தானாம். பக்கத்துக் கட்டிலில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு டீச்சர். அவளுக்கு இது மூன்றாவது தடவை.

உன் அண்ணனை வழக்கு முடியும்வரை வெளியே விட்டிருக்கிறார்கள். என்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவு. நான் மாடிப்படியில் விழுந்தேன் என்று அவன் வக்கீல் சாதிக்கிறார். நடந்ததைப் பார்த்தவள் குட்டி ஒருத்திதான். அவளைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்க எனக்கு மனமில்லை.

அத்தை போன் செய்தார். "ஒரு அடிக்காக என் புள்ளையை ஜெயிலுக்கு அனுப்புவியா?" என்று கேட்டார். என்னால் பேச முடியாததால் அவரே பேசி அவரே அழுதார். நீயும் பக்கத்தில்தான் இருக்கிறாய், உனக்கும் இதே எண்ணம்தான் என்றார். உன் குரலுக்காகக் காத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா பேசியபோது நான் பக்கத்தில் இல்லை. வண்டியில் இருந்தேன். அம்மா சொன்னது பொய்.

உங்கள் கடிதம் டிப்போவுக்கு வந்த வாரமே அண்ணனும் வந்துவிட்டான், வழக்குக்கு நிற்காமல். வந்தவன் சாப்பிட்டான், தூங்கினான், குட்டியை நினைத்து அழுதான். பிறகு சமையலறைக்கு வந்து விடுதியின் முகவரி கேட்டான். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். என் தலையைச் சுவரில் மோதினான். தையல் போட்ட இடம் பிளந்துகொண்டது.

"இஸ்திரிப் பெட்டியால அவ தாடையையே உடைச்சேன். உன்னை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

கழுத்தைப் பிடித்து நெரித்தான். கண் இருட்டியது. கைக்குக் கிடைத்தது குக்கர். அதை எடுத்து அடித்தேன். பிடியை விட்டான். விட்ட பிறகும் இன்னொரு தடவை அடித்தேன். அந்த இரண்டாவது அடியை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதில்தான் அவன் முழங்கை உடைந்தது. துண்டைக் கிழித்து நானே கட்டுப் போட்டேன். "வலிக்குது பாப்பா" என்றான். சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரியே. அழுதுகொண்டே கட்டினேன்.

போலீஸுக்குச் சொன்னதும் நான்தான். அதே இன்ஸ்பெக்டர். பார்த்த சாட்சி அம்மா ஒருத்திதான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணுதான் அடிச்சா. என் புள்ளை கையைக்கூட ஓங்கல" என்றாள். என் கழுத்தில் அவன் விரல் பதிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. பெண் அடித்தால் மட்டும் அந்த இன்ஸ்பெக்டருக்குக் கொலை முயற்சி என்று எழுதத் தெரிகிறது.

சில நாள் உள்ளே இருந்தேன். டிப்போவில் பெருக்குகிற அக்காவும் கவுண்டர் பெண்களும் ஜாமீனில் எடுத்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அம்மா கதவைத் திறக்கவில்லை. அந்த அக்காவின் அறையில் இருக்கிறேன். அவள் விடும் குறட்டைக்கு என் பஸ் என்ஜின் தேவலாம்.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டி பற்றி அண்ணன் தன் வாயால் சொன்னது, எப்போது, எங்கே, எல்லாம். வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் அடித்ததும் இதில் இருப்பதால் என் வழக்குக்கு இது கெடுதல் என்று அவர் தடுத்துப் பார்த்தார். இருக்கட்டும். உங்கள் நீதிபதி நேரில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். குட்டியைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

எனக்கு அண்ணன் என்று ஒருவன் இல்லாமல் போன பிறகு அண்ணி என்று ஒருத்தி இருக்க முடியுமா என்று, கவரில் முகவரி எழுதும்போது யோசித்தேன். முடியும் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் நாத்தனார்