தனியே இறங்கலாகாத சுனை

வளம் பெருகுக. கடல்வாயில் ஏழும் கட்டியாள்பவளும், சுறாமீனும் தலைவணங்கிக் கடக்கும் துறைகளை உடையவளும், தென்கழி நாட்டின் அரசியும், என் உடன்பிறந்த தங்கையுமான நற்சோணைக்கு, வெண்குன்ற நாட்டை முப்பத்தோர் ஆண்டுகள் ஆண்டு, முடியை மகள் தலையில் இறக்கிவைத்துத் துள்ளிக் குதித்து வெளியேறிய மூத்தவள் பூதநங்கை, ஆவிமலைச் சுனையூரிலிருந்து விடுக்கும் ஓலை. உன் உப்பளங்கள் வெளுக்க. உன் மரக்கலங்கள் காற்றறிந்து மீள்க. உன் முழங்கால்கள் மட்டும் என் சொல் கேட்கும்வரை நலம் பெறாதிருக்க.

முழங்கால் பிடிப்புக்கு எந்தக் குளியல்மனை உகந்தது என்றும், அதன் நீரை ஐம்பது குடங்களில் அடைத்து அனுப்பலாகுமா என்றும் நீ கேட்டெழுதியது கிடைத்தது. உன்பொருட்டு இவ்வூரின் நான்கு மனைகளையும் நானே சோதித்தேன்.

எண்ணெய்மனையில் மூலிகைக் கிழியைச் சூடாக்கி ஒற்றுகிறார்கள். ஒரே நாழிகையில் என் கைகள் இளகிய இளக்கத்தில், கழற்றிக் கொடியில் உலர்த்திவிடலாம் போலிருந்தது. தோளுக்கு அது நன்று; இருபது ஆண்டுகள் அரசுகட்டிலில் மடங்கியே கிடந்த உன் முழங்காலுக்கு எட்டாது. வேதுமனையின் நொச்சி ஆவி தலைபாரத்துக்கு அமுதம்; ஆனால் நீ சிறுவயதில் போர்வைக்குள் ஒளிந்தாலே மூச்சடைத்து அழுதவள். மண்மனையில் புற்றுமண்ணைக் கழுத்துவரை பூசிக் காயவைக்கிறார்கள். மேனி வெடித்து நின்ற என்னைக் கோயில் சிலையென்று எண்ணி ஒருத்தி பூ வைத்துக் கும்பிட்டாள். நீடு வாழ்க என்றேன்; பாவம், செருப்பையும் விட்டு ஓடிவிட்டாள்.

உனக்கு உரியது நான்காவதாகிய சுனைமனையே. மலையின் வயிற்றிலிருந்து கொதித்துவரும் அந்நீரில் இடுப்புவரை அமர்ந்தவர்கள், தூக்கிவரப்பட்டு, நடந்து போகிறார்கள். குடத்தில் அடைத்தாலோ, இரண்டாங் காதத்திலேயே அது பழைய சோற்றுநீராகிவிடும். சுனை உன்னிடம் வாராது, நீதான் வரவேண்டும்.

நான்கையும் சோதித்தேன் என்று மேலே எழுதியது மிகை. ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை, மூன்றுதான். சுனையில் நான் இன்னும் கால்நகமும் நனைக்கவில்லை.

அம்மனையைக் காக்கும் செங்காரி, தனியே வருவோரை இறக்குவதில்லை. வெம்மையில் மயங்குவோர்க்குத் தாம் மயங்குவது தெரியாதாம். போதும், எழுந்திரு என்று அதட்டி இழுக்க ஒருவர் அருகே வேண்டுமாம். என் பணிப்பெண்கள் பன்னிருவரைக் காட்டினேன். உங்கள் அரசியம்மையை ஒருமுறை ஏசுங்கள் பார்ப்போம் என்றாள் அவர்களிடம். பன்னிருவரும் தரையைப் பார்த்தனர். ஏனம்மா, இத்தனை பெரிய நாட்டை ஆண்டீர்களே, உங்களை ஏச ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளவில்லையா என்று என்னைக் கேட்டாள். அடுத்த நாட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

அன்றுதொட்டு இருபத்திரண்டு நாளாய், சுனையின் கழிநீர் வாய்க்காலில் காலைத் தொங்கவிட்டு, இணையிணையாய் இறங்குவோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் இருவர் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தபடி ஓயாமல் சண்டையிடுகிறார்கள். அந்தச் சண்டையின்மேல் எனக்கு எத்தனை ஏக்கம் என்று அறிவாயா? நம் அன்னை மறைந்தபின் என்னைப் பூதி என்று அழைத்தவர் எவருமில்லை. நீயும் ஒன்பது ஆண்டுகளாய் மாட்சிமைமிகு அரசி என்றே எழுதுகிறாய். அறுவடை முடியட்டும், தூதர் போகட்டும் என்று நம் சந்திப்பை நீ தள்ளிய நாள்களும் நான் தள்ளிய நாள்களும் சரிநிகர், குறை சொல்லவில்லை. நாடு உன்னையன்றியும் நடக்கும். என் நாடு நடந்தது கண்டு முதல்நாள் வெகுண்டேன்; இரண்டாம் நாள் மாங்காய் தின்றேன்.

ஆகவே ஓலை கண்ட ஐந்தாம் நாள் புறப்படுக. மருத்துவரும் குடங்களும் வேண்டா. முத்திரை மோதிரம் மகளிடம் உள்ளதால், மண்மனைச் சேற்றில் பெருவிரல் தோய்த்து இங்கு ஒற்றியுள்ளேன். முடி துறந்தவள் ஆணை செல்லாது என்பாராயின் உன் அமைச்சர், மூத்தவள் ஆணை எந்நாட்டிலும் செல்லும் என்று அவருக்கு அறிவிக்க.

நகத்தை வெட்டிக்கொண்டு வா. ஏழு வயதில் நீ பிறாண்டிய தழும்பு என் முதுகில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, இங்கே எவருமில்லை.