அர்லீன் அக்காவுக்கு ஒரு கண்ணாடி அறை

ஜனவரி 28, செவ்வாய்

துணி துவைத்தேன். காருக்கு எண்ணெய் மாற்றினேன். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் நீலம் மாறி மஞ்சளாகிவிட்டது. என் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அணுக்களை அக்காவுக்கு ஏற்றிப் பன்னிரண்டு நாள். ரத்தப் புற்றுநோயை மருந்தால் பொசுக்கியபோது அவள் உடம்பில் நல்லது கெட்டது எல்லாமே போய்விட்டது. இனி என்னுடையது அவளுக்குள் வேர்பிடித்தால்தான் உண்டு.

அட்லாண்டாவிலிருந்து நர்ஸ் பேசினாள். நூறு நாள் முடியும்வரை அக்கா ஆஸ்பத்திரியை விட்டுத் தூரமாகப் போகக் கூடாது. வெளியே விட்டபின் பக்கத்திலேயே ஒரு வாடகை அறையில் தன் மகள் டெஸாவோடு இருக்க வேண்டும். பிறகு என் வீட்டுக்கு வரலாம். வீடு எப்படி என்று கேட்டாள். பின்பக்கம் கொசுவலை அடித்த வராந்தா இருக்கிறது, அக்கா வந்தால் அங்கேதான் கிடப்பாள் என்றேன்.

"அங்க மட்டும் விட்டுடாதீங்க. மகரந்தம், தூசி, பூசணம், எதுவும் அவங்களுக்கு ஆகாது."

அக்கா முப்பத்தோரு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள். அவளைப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்தவா?

பிப்ரவரி 4

தச்சர் ஹாஸ்கல் வந்து அளந்தார். வலையைக் கழற்றி, இடுப்பளவு சுவர் எழுப்பி, அதற்கு மேல் மூன்று பக்கமும் இரட்டைக் கண்ணாடி. தரைக்கு அடியில் பஞ்சு அடைப்பு. வெயில் வரும், காற்று வராது. நர்ஸிடம் கேட்டேன். வேலை முடிந்து, தூசி அடங்கி, துடைத்து, மூன்று வாரம் கழித்துதான் அக்கா உள்ளே வரலாமாம். அப்படியானால் ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடிய வேண்டும்.

"முடிச்சிடலாம் நெல்டாம்மா," என்றார் ஹாஸ்கல். அவர் எதையும் அவசரமாகச் சொல்வதில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11

அணுக்கள் பிடித்துக்கொண்டன. அக்கா ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்துவிட்டாள். இதற்கு மேல் எழுதப் பயம்.

பிப்ரவரி 18

அக்காவின் உள்ளங்கையிலும் காதுக்குப் பின்னாலும் சிவப்பாகத் தடித்திருக்கிறதாம். டெஸா போனில் சொன்னாள். என் அணுக்கள் அக்காவின் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன என்று டாக்டர் சொன்னாராம். கொஞ்சம் இருந்தால் நல்லதுதான், மிச்சப் புற்றையும் சேர்த்துத் தாக்கும். அளவு மீறினால்?

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா போனை வாங்கினாள். "சின்ன வயசுல எத்தனை தடவை உன் முடியைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ஒரு தடவைகூட நீ கையை ஓங்கினதில்ல. இப்ப உள்ள புகுந்து சாத்துறியேடி."

சிரித்தேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கொடுத்தது நான்தானே. திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதே.

மார்ச் 3

மாத்திரையில் தடிப்பு அடங்கியிருக்கிறது.

வலைகளை இன்று கழற்றினார்கள். சுருட்டி முற்றத்தில் போட்டபோது இருபது வருஷத்துப் பூச்சிச் சிறகுகள் உதிர்ந்தன. வராந்தா பல் போன வாய்போல் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வராந்தாக் கூரை வீட்டுச் சுவரில் சேரும் இடத்தில் தகரம் விலகி, எத்தனை வருஷமாகவோ மழை இறங்கியிருக்கிறது. ஹாஸ்கல் பலகையைப் பெயர்த்ததும் என்னைக் கூப்பிட்டார். உள்ளே கறுப்பு. முதலில் நிழல் என்று நினைத்தேன். பூசணம். மரச்சட்டம் நெடுக, கீழே வரை. அந்தச் சுவரின் மறுபக்கம் அக்காவுக்காக நான் தயார் செய்திருக்கும் படுக்கையறை.

கடந்த கிறிஸ்துமஸுக்கு அவள் அங்கேதான் படுத்திருந்தாள்.

மார்ச் 14

எழுதத்தான் வேண்டும். யார் படிக்கப்போகிறார்கள்.

சுவரை அறுத்தால் ஆறு வாரம் தள்ளும் என்றார் ஹாஸ்கல். வெளுப்பு மருந்தை அடித்துப் பலகையால் மூடிவிட்டால் என்ன என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். "மேலே கண்ணாடி வந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றும் சொன்னேன்.

ஹாஸ்கல் சுத்தியலைப் பெட்டியில் வைத்தார். "உங்க அக்கா பஸ்லதான் நான் பத்து வருஷம் ஸ்கூலுக்குப் போனேன். எங்கம்மா சாராயம் குடிச்சிட்டுப் படுத்திருக்கிற நாள்ல, வாசல்ல வந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, நான் சட்டையை மாட்டிக்கிட்டு வர்ற வரைக்கும். இதை நான் மூடமாட்டேன். வேற ஆளை வச்சு மூடுனீங்கன்னா, நானே போய் அவங்ககிட்ட சொல்லிடுவேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அறுத்துடுங்க," என்றேன்.

எனக்கு என்ன ஆகிவிட்டது? அவளைச் சீக்கிரம் கண்முன்னால் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் விஷத்தை மூடி வைக்கப் பார்த்தேனே.

மார்ச் 27

பைன் மரங்களின் மகரந்தம் உதிரத் தொடங்கிவிட்டது. கார், தபால்பெட்டி, வாசற்படி எல்லாம் மஞ்சள். முகமூடி போட்ட ஆட்கள் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் சுவரை அறுக்கிறார்கள். நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூட நினைத்ததைத் தவிர. அக்காவிடம் எதுவுமே சொல்லவில்லை. மழை, அதனால் தாமதம் என்றேன். இங்கே பத்து நாளாக மழையே இல்லை.

ஏப்ரல் 5, சனி

அட்லாண்டாவுக்குப் போனேன். அக்காவின் தலையில் வாத்துக்குஞ்சுபோல முடி முளைத்திருக்கிறது. முகம் மாத்திரையால் உப்பியிருக்கிறது. டெஸா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். பூசணத்தையும் சொன்னேன், மூடப் பார்த்ததையும், ஹாஸ்கல் மறுத்ததையும்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஹாஸ்கலா? அந்த ஒல்லிப்பயலா?"

"இப்ப ஒல்லி இல்ல."

"நல்லவேளை." பிறகு, "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் வீட்டுக்கு வரவே எனக்குப் பயமா இருக்கு. பூசணம் தெரியறதுக்கு முன்னாலயே பயம்."

"ஏன்?"

"நீ பார்க்கிற பார்வை. வந்ததுலேர்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பார்த்துக்கிட்டே இருக்க. செத்துப்போனவளைப் பார்க்கிற மாதிரி. அப்படிப் பார்க்கிற இடத்துல நான் எப்படிடி பிழைப்பேன்?"

திரும்பும் வழியில் இரண்டு தடவை காரை ஓரம் கட்டினேன்.

ஏப்ரல் 26

நூறாவது நாள். அவள் அங்கே, நான் இங்கே. புது மரச்சட்டங்கள் நிற்கின்றன. கண்ணாடி பாதி ஏறியிருக்கிறது. காற்றைச் சோதிக்க ஆள் வந்து ஒவ்வொரு அறையிலும் மாதிரி எடுத்துப் போனார்.

மே 2

காற்று சுத்தம். காகிதத்தை மூன்று முறை படித்தேன். இருந்தாலும் அந்தச் சுவரைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மே 29, வியாழன்

அக்கா வந்தாள். கண்ணாடி அறையில் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "பெரிய பஸ்ஸு," என்றாள். ஹாஸ்கல் வாசலோடு நின்று, தொப்பியைக் கழற்றிக் கண்ணாடி வழியாகத் தலையசைத்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொன்னதற்கு, சட்டையெல்லாம் தூசி என்றார்.

நான் அவள் நெஞ்சைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன்.

ஜூன் 6

அக்காவுக்கு நூற்றொரு டிகிரி காய்ச்சல். மதியச் சாப்பாட்டின்போதே கன்னம் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம், நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அக்காவின் பல் தந்தியடித்தது. எது? என் சுவரா? என் ரத்தமா? இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும். இரண்டையும் நான்தானே கொடுத்தேன்.

"லேனை மாத்தாம ஓட்டுடி," என்றாள் பின்னாலிருந்து. கண்ணை மூடிக்கொண்டே.

ஜூன் 8

சுவர் இல்லை. ரத்தமும் இல்லை. மருந்து ஏற்ற நெஞ்சில் வைத்திருந்த குழாயில் கிருமி. குழாயை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அக்காதான் தன் தண்ணீரை எனக்குக் கொடுத்தாள்.

ஜூன் 23

வீட்டில்தான். அவள் கண்ணாடி அறையில் குறுக்கெழுத்துப் போடுகிறாள். மருந்துப் பட்டியலில் இரண்டைக் குறைத்திருக்கிறார்கள். நான் கதவருகே நிற்பதைப் பார்த்தால் பேனாவை ஆட்டி விரட்டுகிறாள்.

ஜூலை 9, புதன்

காலையில் பீச் பழம் வாங்கப் போனேன். பழக்கடையில், சர்ச்சில் என்னோடு பாடும் தோழியைப் பார்த்தேன். அவள் தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு நூலகம். பிறகு செருப்புக் கடை, ஒன்றும் வாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று.

அக்கா கண்ணாடி அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "எங்கடி போன? எனக்குப் பசிக்குது."

"சும்மா, ஊர் சுத்தினேன்."

"ஒரு போன்கூட இல்ல."

அப்போதுதான் எனக்கே உறைத்தது, காலையிலிருந்து அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. "மறந்துட்டேன்க்கா," என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி," என்று பேனாவை எடுத்துக்கொண்டாள். "பீச்சைக் கழுவு. எனக்கு ரெண்டு."